மூலத் தரவைத் தொடாமல் திருத்துவது எப்படி?

வாசகர் கேள்வி, ஜூன் 3

எங்களிடம் 60 தானியங்கி மழைமானிகளின் பத்து வருஷத் தரவு இருக்கிறது. 15 நிமிஷத்துக்கு ஒரு அளவு, மொத்தம் 2 கோடி வரிசைக்கு மேல். நிறையப் பிழை. சில மானிகள் கூடுதலாகக் காட்டுகின்றன, சிலவற்றில் நேரம் தப்பு, சில நாட்களில் மழை பெய்தும் பூஜ்யம். தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்ததைக் கோப்பிலேயே திருத்திச் சேமித்துவிட்டால் வேலை முடிந்தது. பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதானே திருத்தப் போகிறோம்? இதற்குத் தனி அட்டவணை, தனி முறை எல்லாம் எதற்கு?

ஜூன் 3, இரவு 11.10

கோப்பைத் தொடாதீர்கள். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேலை: எல்லா மூலக் கோப்புகளையும் படிக்க மட்டும் முடியும்படி உரிமையை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து, அந்தப் பட்டியலை வேறு கணினியில் வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

ஜூன் 4

நீங்கள் செய்ய நினைப்பதை நாங்கள் செய்தோம். எங்கே என்பது வேண்டாம். எங்களிடமும் மழைமானிகள்தான், உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு. மானியின் அளவைப் பதியும் லாகர்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் ஓடின. எனக்கு முன்னால் இருந்தவர் தரவை எடுத்து, ஐந்தரை மணி நேரம் கூட்டி இந்திய நேரமாக்கி, அதே கோப்பில் சேமித்தார். செய்தது சரியான திருத்தம்தான். ஆனால் அதை எங்கேயும் எழுதி வைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் நான் சேர்ந்தேன். கையேட்டில் 'லாகர் நேரம்: உலகப் பொது நேரம்' என்று இருந்தது. நானும் ஐந்தரை மணி நேரம் கூட்டினேன்.

இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. நாள் கணக்கும் மாதக் கணக்கும் ஏறக்குறைய சரியாகவே வந்துகொண்டிருந்தன. ஆய்வு மாணவி ஒருத்தர்தான் கண்டுபிடித்தார். உள்மாவட்டங்களில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலத்திலும் கட்டும். எங்கள் தரவில் அது இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் கட்டியது. "அண்ணா, இந்த ஊர்களில் மட்டும் ஏன் எப்போதும் ராத்திரியில் இடிக்கிறது?" என்று கேட்டார். வயிற்றைக் கலக்கிவிட்டது.

முன்னவர் எல்லா நிலையங்களுக்கும் கூட்டியிருந்தால் ஒரே அடியாகக் கழித்துவிடலாம். சிலவற்றுக்குக் கூட்டியிருந்தார், சிலவற்றுக்கு இல்லை. ஒரே நிலையத்தில் சில மாதங்களுக்கு மட்டும் கூட்டியதும் உண்டு. எதில் ஒரு தடவை, எதில் இரண்டு தடவை என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

பிரதி எடுத்தால் போதாதா என்கிறீர்கள். எங்களிடம் நான்கு பிரதிகள் இருந்தன. 'இறுதி', 'புதிய இறுதி', 'சரிபார்த்தது', 'சரிபார்த்தது 2'. எது எதிலிருந்து வந்தது, நடுவில் என்ன நடந்தது என்பது ஒன்றிலும் இல்லை. எது மூலம் என்று சொல்லத் தெரியாதபோது அந்த நான்கும் எங்களுக்கு உதவவில்லை.

ஜூன் 5

முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம் ஊரில் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம் இது. பதிவான பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் பழைய பத்திரத்தை எடுத்து அடித்து எழுதுவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதிப் பதிய வேண்டும். இன்ன ஆண்டில், இன்ன எண்ணில் பதிவான பத்திரத்தில், இன்ன இடத்தில், இப்படி இருப்பதை இப்படி வாசிக்க வேண்டும் என்று அது சொல்லும். பழையது அப்படியே கிடக்கும். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இரண்டும் வரும்.

உங்கள் தரவுக்கும் அதுதான். மூலம் ஓர் அட்டவணை, திருத்தங்கள் இன்னோர் அட்டவணை. திருத்தத்தின் ஒவ்வொரு வரிசையிலும் எந்த மானி, எந்த நேரம், எந்தப் புலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், என்றைக்கு, ஏன் என்பவை இருக்கட்டும். ஆய்வுக்குத் தருவது மூன்றாவது ஒன்று: மூலத்தின் மேல் திருத்தங்களை ஏற்றி எடுத்த பார்வை. அதை எப்போது வேண்டுமானாலும் அழித்துத் திரும்ப உண்டாக்கலாம்.

'பழைய மதிப்பு' எதற்கு, மூலத்தில்தான் இருக்கிறதே என்று தோன்றும். அது ஒரு காவல். திருத்தத்தை ஏற்றும்போது மூலத்தில் உள்ள மதிப்பும் திருத்தத்தில் எழுதிய பழைய மதிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் நிரல் நின்றுவிட வேண்டும். இந்த ஒரு சோதனை இருந்திருந்தால் நான் இரண்டாம் தடவை கூட்டியிருக்க முடியாது.

'ஏன்' என்ற புலத்தைக் காலியாக விட அனுமதிக்கவே கூடாது. 'பிழை' என்று ஒரு சொல் எழுதுவதும் காலியாக விடுவதும் ஒன்றுதான். 'களப் பயணத்தில் புனலுக்குள் இலை அடைத்திருந்தது, படம் உள்ளது' என்று எழுத வேண்டும்.

ஜூன் 7

நேற்று முழுக்க யோசித்தேன். ஜூன் 5 குறிப்பில் சொன்னது பாதிக்குத்தான் சரி. அந்தக் குறிப்பு அப்படியே இருக்கட்டும், மாற்றத்தை இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு திருத்தம் எழுதுவது அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பிழைகளுக்குச் சரி. மழைமானிப் பிழைகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. கேட்டவர் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: கூடுதலாகக் காட்டும் மானிகளில், பக்கத்துச் சாதாரண மானியோடு ஒப்பிட்டால் 100 மி.மீ.க்கு 127 மி.மீ. என்ற கணக்கில் வருகிறதாம். படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. அது டிப்பிங் பக்கெட் மானி. உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு தடவையும் லாகர் ஒன்று எண்ணும். கிண்ணம் 0.2 மி.மீ.க்குக் கவிழ்கிறது. லாகரில் 0.254 மி.மீ. என்று அமைத்திருக்கிறார்கள். அது ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அமெரிக்க மானிகளில் வழக்கமான அளவு. 0.254-ஐ 0.2-ஆல் வகுத்தால் 1.27.

இதற்கு லட்சக்கணக்கில் திருத்த வரிசைகள் எழுதக் கூடாது. ஒரே விதி போதும்: இந்த மானி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, மழை அளவை 1.27-ஆல் வகுக்கவும், காரணம் லாகர் அமைப்புப் பிழை. துகள் இயற்பியல் சோதனைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் கருவியிலிருந்து வந்த மூலத் தரவை மாற்றுவதில்லை. அளவுத்திருத்த எண்கள் தனித் தரவுத்தளத்தில், ஒவ்வொன்றும் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்ற குறிப்போடு இருக்கும். எண்கள் மேம்பட்டால் மூலத்திலிருந்து மறுபடி கணக்கிட்டுவிடுவார்கள்.

விதிகள் வந்துவிட்டால் எதை முதலில் ஏற்றுவது என்பது முக்கியமாகிவிடும். நேரத் திருத்தம் முதலில், அப்புறம் பெருக்கல் வகுத்தல், அதற்கப்புறம் தனி வரிசைத் திருத்தங்கள். ஒரு விதியின் தேதி எல்லை நேரம் திருத்துவதற்கு முந்தைய கடிகாரத்தில் சொல்லப்பட்டதா, பிந்தையதிலா என்பதையும் எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டு எங்கள் குழுவில் ஒரு வாரம் சண்டை போட்டோம்.

'பழைய மதிப்பு' என்ற காவல் இந்த விதிகளுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாக, எந்தச் செக்சம் உள்ள மூலக் கோப்புக்காக இந்த விதி எழுதப்பட்டது என்று பதியுங்கள். அதே வேலையை அது செய்யும்.

ஜூன் 8

மேலே எழுதியதிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. உங்கள் மூலம் மி.மீ.யா, கவிழ்ப்பு எண்ணிக்கையா?

மி.மீ. என்றால் அது உண்மையில் மூலம் இல்லை, லாகர் ஏற்கெனவே ஒரு தடவை பெருக்கித் தந்த கணக்கு. சில லாகர்களில் எண்ணிக்கை தனியாகக் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதையும் இறக்கி வையுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் கைக்கு முதலில் வந்து சேர்ந்த வடிவம்தான் மூலம். அதற்குமேல் வருத்தப்பட்டு ஆவது ஒன்றுமில்லை.

எக்செலில் திறந்து மூடிய கோப்பை மட்டும் மூலம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நாளும் மாதமும் இடம் மாறிப் போகலாம். 5-ஆம் மாதம் 6-ஆம் தேதி, 6-ஆம் மாதம் 5-ஆம் தேதியாகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகள் எண்ணாக மாறாமல் எழுத்தாகவே நிற்கும். கோப்பில் பாதி இப்படி, பாதி அப்படி இருந்தால் யாரோ எக்செலில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜூன் 10

இன்னொரு வாசகர் எழுதுகிறார்: "நம்ப முடியாத மதிப்புகளை நீக்குவதற்குமா இவ்வளவு சடங்கு? ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல் காட்டினால் கருவிக் கோளாறுதானே, எடுத்துவிடலாமே."

இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. அந்த வடிகட்டியைப் போட்டிருந்தால், சென்னை மூழ்கிய நாளே தரவிலிருந்து காணாமல் போயிருக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. அந்த மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டியது. பதிவோ 2-ஆம் தேதியின் பேரில் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையில் காலை 8.30 மணிக்கு அளப்பார்கள், அளந்த நாளின் தேதியில் எழுதுவார்கள். 8.30 என்பது உலகப் பொது நேரம் காலை 3 மணி. இது தெரியாத ஒருவர் 'தேதி ஒரு நாள் தள்ளியிருக்கிறது' என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிட வாய்ப்பு உண்டு. பிழை என்று பார்த்த உடனே தோன்றுகிறவற்றில் பல இப்படி நமக்குத் தெரியாத வழக்கங்கள்தான்.

ஓசோன் ஓட்டையின் கதையும் இதுதான். 1978-இல் நாசா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. 1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து, அங்கே வசந்த காலத்தில் ஓசோன் பயங்கரமாகக் குறைந்துவருகிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். அத்தனை வருஷம் மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள் ஏன் பார்க்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். நாசாவின் நிரல் அந்தக் குறைந்த மதிப்புகளைக் கழித்துத் தூக்கி எறிந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. 180 டாப்சனுக்குக் (ஓசோனை அளக்கும் அலகு) கீழே போன மதிப்புகளை நிரல் எறியவில்லை, சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டு வைத்தது. மூல அளவுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அதனால்தான் எடுத்து மறுபடி கணக்கிட்டு, அந்த ஓட்டை ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்திருப்பதை நாசாவினரால் வரைபடமாகக் காட்ட முடிந்தது. ஹேலியின் தரவு ஓர் இடத்தின் கதையைத்தான் சொன்னது. எவ்வளவு பெரியது என்று காட்டியது அந்தக் குறியிட்ட மதிப்புகள். உண்மையிலேயே எறிந்திருந்தால் அந்த வருஷங்களின் வரைபடம் யாருக்குமே கிடைத்திருக்காது.

அதனால் நீக்காதீர்கள், குறியிடுங்கள். குறிக்கும் ஒரு 'ஏன்' வேண்டும்.

ஜூன் 11

பூஜ்யம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். அடைப்பினால் வந்த பூஜ்யத்தை பக்கத்து மானியின் அளவால் நிரப்பித் 'திருத்தம்' என்று பேர் வைக்காதீர்கள். அது மதிப்பீடு. திருத்தங்களில் மூன்று வகையைப் பிரித்து வையுங்கள்: நிச்சயமாகத் தெரிந்தது (1.27 போல), சந்தேகம் என்ற குறி மட்டும், நாமாக நிரப்பியது. மூன்றாவது வகையைப் பார்வையில் தனியாக அணைக்க முடிய வேண்டும். வெள்ள ஆய்வுக்கு வருகிறவர் நீங்கள் நிரப்பிய மழையை உண்மையான மழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடைப்பு நீங்கும்போதும் கவனம் தேவை. புனலில் தேங்கிய தண்ணீர் மெல்லச் சொட்டி, வெயில் அடிக்கும் மறுநாள் காலையில் மணிக்கணக்காகச் சீரான தூறல் போலப் பதிவாகும். முதல் நாள் பூஜ்யத்தை மட்டும் நிரப்பிவிட்டு இதை விட்டால் ஒரே மழையை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

ஜூன் 13

வேகம். 2 கோடி வரிசைக்கு ஒவ்வொரு தடவையும் திருத்தங்களை ஏற்றினால் இழுக்காதா என்றால், 2 கோடி ஒன்றும் பெரிதில்லை, ஒரு மடிக்கணினியே தாங்கும். நூறு மடங்கு பெரிதானால் ஏற்றிய வடிவத்தை பார்க்கே என்ற சுருக்கிய அட்டவணைக் கோப்புகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பின் பெயரில் திருத்த அட்டவணையின் பதிப்பு எண் இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் யாரும் கையால் எதையும் மாற்றக் கூடாது.

அப்பாச்சி ஐஸ்பெர்க் போன்ற அட்டவணை மென்பொருள்களில் பழைய நிலைக்குத் திரும்பிப் பார்க்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பழைய ஸ்னாப்ஷாட்களை (அட்டவணை அந்தந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவுகளை) காலாவதியாக்கும் பராமரிப்பு வேலையை இடம் மிச்சப்படுத்த யாராவது ஓட்டுவார்கள். ஓட்டியதும், வேறு எந்த ஸ்னாப்ஷாட்டுக்கும் தேவைப்படாத பழைய கோப்புகள் போய்விடும். தவிர, அது என்ன மாறியது என்று சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. மூலத்தை அதை நம்பி விடாதீர்கள்.

ஜூன் 14

கடல் தரவில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4000, உலகக் கடல்களில் மிதக்கின்றன. பெரும்பாலானவை பத்து நாளுக்கு ஒரு தடவை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து வெப்பநிலை, உப்புத்தன்மை அளவுகளை அனுப்பும். இந்தியாவின் மிதவைகளுக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம்தான் தரவு மையம். உப்புத்தன்மை உணரி காட்டும் அளவு வருஷம் போகப் போக உண்மையிலிருந்து மெல்ல விலகும். மிதவையை எடுத்துவந்து சோதிக்கவும் முடியாது. வல்லுநர்கள் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பகுதியின் நம்பகமான அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். ஆனால் கோப்பில் வந்தபடியே உள்ள உப்புத்தன்மை ஒரு புலம், திருத்தியது இன்னொரு புலம், திருத்தியதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது மூன்றாவது புலம், தரக்குறி வேறு. எல்லாம் பக்கம் பக்கமாகவே இருக்கும்.

அந்த மூன்றாவது புலத்தைப் பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. திருத்தியவர் தன் திருத்தத்தின்மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் எண்ணாகவே எழுதித் தருகிறார். உங்கள் அட்டவணையிலும் அதற்கு ஒரு புலம் வையுங்கள். ஜூன் 5-இல் சொல்ல விட்டுப்போனது.

இன்னொன்றும் விட்டுப்போனது: திருத்தத்தைத் திருத்துவது. ஒரு விதி தப்பு என்று தெரிந்தால் அதை அழிக்காதீர்கள். 'இன்ன எண் விதி இன்ன தேதியிலிருந்து செல்லாது, பதிலுக்கு இன்ன எண்' என்று புதிதாக எழுதுங்கள். அப்போதுதான் போன மார்ச்சில் அறிக்கை கொடுத்தபோது எங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று திரும்ப உண்டாக்கிக் காட்ட முடியும். வெள்ளம் வந்த பிறகு யாராவது கேட்பார்கள்.

ஜூன் 17

மூலத்தை எந்தக் காலத்திலும் தொடக் கூடாது என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு விலக்கு இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்களைப் பற்றிய விவரங்கள். மழைத் தரவில் எங்கே ஆள் வருகிறார் என்றால், எங்கள் குறிப்புப் புலத்தில் வந்தார்: மானி வைத்திருந்த தோட்டக்காரரின் கைபேசி எண், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாததால் கேட் பூட்டியிருந்தது என்பதெல்லாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் கேட்டால் அழிக்கத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட புலங்களை முதலிலேயே பிரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் தனிச் சாவியால் பூட்டி வைப்பது நல்லது. அழிக்கச் சொன்னால் சாவியை அழித்தால் போதும், யாராலும் படிக்க முடியாது, கோப்பின் செக்சமும் மாறாது. எங்களுக்கு இது அப்போது தெரியவில்லை. கோப்பைத் திறந்து எடுத்தோம், எடுத்ததற்கு ஒரு பதிவு எழுதினோம்.

ஜூன் 21

கேட்டவர் எழுதியிருக்கிறார். 1.27 விதி ஏழு மானிகளுக்குப் பொருந்தியதாம். எட்டாவதற்கும் பொருந்தும் என்று நினைத்து ஏற்றிப் பார்த்திருக்கிறார், மழை ரொம்பக் குறைந்துபோனது. அந்த மானியின் கிண்ணத்தை நடுவில் மாற்றியிருக்கிறார்கள், கிண்ணம் வந்த தேதி பழைய பில்லில் இருந்திருக்கிறது. விதியைச் செல்லாததாக்கி, பில் தேதி வரைக்கும் மட்டும் புதிய விதி எழுதிவிட்டாராம். கோப்பில் எழுதியிருந்தால் வகுத்ததைத் திரும்பப் பெருக்க வேண்டியிருந்திருக்கும், எங்கிருந்து எதுவரை என்று தெரியாமல்.

ஜூன் 22

எங்கள் நேரத் தப்பு கடைசியில் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டதால் எழுதுகிறேன். அலுவலகம் மாறும்போது ஒரு அட்டைப் பெட்டியில் லாகர்களின் பழைய நினைவக அட்டைகள் கிடைத்தன. எல்லா நிலையங்களுக்கும் இல்லை. கிடைத்தவற்றைப் படித்து அதையே மூலமாக வைத்தோம், ஒரு தடவை ஐந்தரை மணி நேரம் என்ற விதியை எழுதினோம், மே மாத இடி சாயங்காலத்துக்குத் திரும்பி வந்தது. அந்த மாணவியைக் கூப்பிட்டுத்தான் முதலில் காட்டினேன்.

அட்டை கிடைக்காத 11 நிலையங்கள் இன்னும் 'நேரம் உறுதியில்லை' என்ற குறியோடு இருக்கின்றன. நாள் கணக்குக்குக்கூட முழுசாக நம்ப முடியாது, 8.30 எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. மாதக் கணக்குக்கு மட்டும் தருகிறோம். முன்னவரோடு போனில் பேசினேன். எந்தெந்த நிலையம் என்று நினைவில்லை என்றார். அவர் வீட்டில் ஒரு பழைய நாட்குறிப்பு இருக்கலாம், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.